மையத்து வண்டியின் டிஸ்க்

ஐன் தர்ஸாவில் யார் வீட்டில் சாவு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இறந்தவரைச் சுமந்துபோகும் நகராட்சியின் மையத்து வண்டி எந்தத் தெருவில் நிற்கிறதோ அங்கிருந்து எழும் கீச்சொலி மலைச்சரிவில் இருக்கும் அத்தனை வீடுகளுக்கும் கேட்டுவிடும். தகரத்தை ஆணியால் கீறுவதுபோலத் தொடங்கி, வண்டி நிற்கும் கடைசி நொடியில் பல் கூசும் ஓலமாக முடியும். ஓட்டுநர் பூஅஸ்ஸாவுக்கு ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்துகொள்ளலாமா என்றிருக்கும். பதினாறு வருடமாக அந்த வேலை பார்க்கிற மனிதர் அவர். சாவு வீட்டு வாசலில் எப்படி நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும், யார் தோளை எப்போது தொட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வண்டிக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர் இறந்த அன்று வாசலில் ஆண்கள் வரிசையாக நின்று கலிமா சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டி கத்திக்கொண்டே வந்து நின்றதும் எதிர்ச்சுவரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதேபோலக் கத்திக் காட்டினார்கள். வரிசையில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்து, முடியாமல் இருமுவதுபோல நடித்தார். செத்தவரின் மகள் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள்.

மறுநாளே பூஅஸ்ஸா வாகனப் பிரிவுப் பொறுப்பாளர் ஸீ தைபியின் அறைக்குப் போனார். அது அவருடைய நான்காவது மனு.

"முன்பக்க பிரேக் டிஸ்க் ரெண்டும் தேஞ்சு போச்சு ஸீ தைபி. சத்தம் மட்டும் இல்ல, பிரேக்க மிதிச்சா ஸ்டியரிங் கையில ஆடுது."

"வண்டியில போறவன் யாராவது உன்கிட்ட புகார் சொன்னானா?" என்று கேட்டுவிட்டு ஸீ தைபி தானே சிரித்தார். மனுவை வாங்கி, மற்ற மூன்றின்மேல் வைத்து, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

ஆனாலும் இந்த முறை ஏதோ நடந்தது. மருந்துக்கடைக்காரரின் மகள் நகராட்சித் தலைவரிடமே போய் அழுதாளாம். இரண்டு வாரத்தில் புது டிஸ்க் ஒரு ஜோடியும் பிரேக் பேடுகளும் பெட்டியில் வந்து இறங்கின. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவர் பூஅஸ்ஸாதான். பெட்டியைத் திறந்து பார்த்தார். வழவழப்பாக, துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயோடு கனமாக இருந்தன. ரசீதின் நகலை மடித்து வண்டியின் வெயில் மறைப்பில் செருகி வைத்தார்.

"நீ ரெண்டு நாள் லீவு எடுத்துக்க. உன் தங்கச்சி மக கல்யாணம்னு சொன்னியே? நம்ம ஷெட்டுலயே மாட்டி வைக்கச் சொல்றேன்" என்றார் ஸீ தைபி. அவர் அப்படிக் கனிவாகப் பேசி பூஅஸ்ஸா கேட்டதேயில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து வண்டியை எடுத்தபோது கீச்சொலி குறைந்திருந்தது. ஆனால் மிதியை அழுத்தினால் காலுக்கடியில் ஏதோ உயிருள்ள ஒன்று துடிப்பதுபோல இருந்தது. ஸ்டியரிங் முன்னைவிட அதிகமாக ஆடியது. போய்ச் சொன்னார்.

"புதுசு பழகணும்ப்பா. புதுச் செருப்பு கடிக்காதா? ஒரு மாசம் ஓட்டு, சரியாயிடும்" என்றார் ஸீ தைபி.

பூஅஸ்ஸா நம்பினார். அதற்காகத்தான் பிறகு அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஏனென்றால் புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஒரு வாடை. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால், இறகைத் தீயில் வாட்டுவதுபோல, அதோடு ஏதோ அழுகியதும் சேர்ந்து கருகுவதுபோல ஒரு நாற்றம் வண்டிக்குள் ஏறியது. முதலில் வெளியிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தார். ஊருக்கு வெளியே மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த ஒரு பையன் விபத்தில் இறந்தபோது, அவன் அப்பா வண்டியில் பூஅஸ்ஸாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மூன்றாவது வளைவில் வாடை கிளம்பியது. அந்த மனிதர் ஜிலாபா அங்கியின் நுனியை மூக்கருகே கொண்டுபோய், பின் வெட்கப்பட்டதுபோலக் கீழே விட்டார். கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டார்.

"அண்ணே, என் புள்ளகிட்டேருந்தா வருது இது?"

"இல்லண்ணே. வண்டி எஞ்சினு. பழைய வண்டி" என்றார் பூஅஸ்ஸா.

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கபரில் இறக்கும்போது மகனின் கஃபன் துணியருகே குனிந்து முகர்ந்து பார்த்தார் அந்தத் தகப்பன். பூஅஸ்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலையே, நகராட்சி வண்டியை வெளி ஆள் தொடக் கூடாது என்ற விதியை மீறி, அவர் வண்டியை மைமூனின் பட்டறைக்கு விட்டார். மைமூனும் அவரும் ராணுவத்தில் ஒரே லாரிப் படையில் இருந்தவர்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே இருப்பது மைமூனின் பழக்கம். வாய் சும்மா இருக்காது, கை தப்புச் செய்யாது.

"புது டிஸ்க்குன்னு சொன்ன. இறகு கருகுற நாத்தம்னும் சொல்ற. டிஸ்க்க கடையில வாங்கினானா, கசாப்புக் கடையில வாங்கினானா?" என்று சிரித்துக்கொண்டே ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார்.

சக்கரம் வெளியே வந்ததும் மைமூன் சிரிப்பை நிறுத்தினார். வாயிலிருந்த விதையைத் துப்பினார். விளக்கைப் பக்கத்தில் பிடித்தார்.

டிஸ்க்கின் ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தது. நடுப்பரப்பில் ஆழமான கோடுகள். ஆங்காங்கே, அதிகச் சூட்டில் வெந்து, எண்ணெய்த் துளிபோல நீலம் பாய்ந்த திட்டுகள். காற்றுப் போக டிஸ்க்கின் இரு பரப்புகளுக்கும் நடுவே விட்டிருக்கும் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகி அடைத்திருந்தது. மைமூன் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பெயர்த்தார். உள்ளங்கையில் விழுந்ததைப் பூஅஸ்ஸா பார்த்தார். காய்ந்த கோழி எச்சம். அதில் ஒட்டிக் கருகிய இரண்டு இறகுக் காம்புகள்.

மைமூன் மைக்ரோமீட்டரை எடுத்து டிஸ்க்கின் தடிமனை ஏழெட்டு இடங்களில் அளந்தார். பிறகு கோணல் இருக்கிறதா என்று பார்க்க டயல் கேஜை நிறுத்தி, அதன் முனை டிஸ்க்கைத் தொட, கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒரு பக்கம் ஓடித் திரும்பி ஓடியது.

"இதுல இருபத்திநாலு மில்லிக்குக் கீழ போனா தூக்கிப் போடணும்னு அச்சடிச்சே இருக்கு, பாரு. இது இருபத்திரண்டரை. ஒரு இடத்துல அதுவும் இல்ல. டிஸ்க்கு உட்கார்ற ஹப்போட முகத்துல இருக்கிற துருவக்கூட தேய்க்காம அப்படியே மாட்டியிருக்கான். அதான் இந்த ஆட்டம். உன் வண்டியில முன்னாடி இருந்தது இதவிட நல்லா இருந்திருக்கும்டா."

"அப்போ நான் கையெழுத்துப் போட்டு வாங்கின புதுசு?"

"இதே வண்டி, இதே மாடல், கோழி ஏத்துறது இந்த ஊர்ல எத்தன இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது. ஸீ தைபியின் மகன் ஸுஹைருடையது. சந்தை சந்தையாகக் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போகிறவன்.

பூஅஸ்ஸா வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வாரத்தில் ஒன்பது மையத்து. குளிப்பாட்டி, கற்பூரம் வைத்து, வெள்ளைத் துணி சுற்றி ஒப்படைத்த ஒன்பது பேரைக் கோழிப்பீ நாற்றத்தில் சுமந்து போயிருக்கிறார். அந்தத் தகப்பன் கபருக்குள் குனிந்து முகர்ந்தது கண்முன் நின்றது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஊரில் சந்தை நாள். காலையிலேயே அறைக்குப் போனார். ஸீ தைபி ஒரு தட்டு பருப்புக் கஞ்சியை மேசையில் வைத்து, ரொட்டியைக் கிழித்து, மேலே மிதந்த ஒலிவ எண்ணெயைத் துடைத்துத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார். பூஅஸ்ஸா காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்தச் சாம்பல் கட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னய்யா இது, சாப்பிடுற இடத்துல?"

"உங்க பையன் வண்டியோட கோழிப்பீ. மையத்து வண்டி டிஸ்க்குல இருந்துச்சு."

ஸீ தைபி மெல்லுவதை நிறுத்தவில்லை. ரொட்டித் துண்டால் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, அதே துண்டைக் கஞ்சியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"கத்தாத. உட்காரு. யோசிச்சுப் பாரு, அவன் மலைமேல ஏறி இறங்குறவன். வாரத்துக்கு நாலு சந்தை. பொண்டாட்டி, ரெண்டு குழந்தை. நீ முப்பதுல உருட்டிக்கிட்டுப் போற. உன் பின்னாடி படுத்திருக்கிறவனுக்கு இனிமே என்ன ஆயிடப் போகுது?"

"முன்னாடி நான் உட்கார்ந்திருக்கேன் ஸீ தைபி."

"நீ நல்ல டிரைவராச்சே" என்றார் அவர், பாராட்டுவதுபோல.

அப்போதுதான் கதவைத் தட்டாமல் ஹத்தூ உள்ளே வந்தார். கழுதைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் லாடம் அடிக்கிறவர். கதவு நிலையை அடைக்கிற உடம்பு. கண்கள் சிவந்திருந்தன. அவருடைய தாய் லல்லா ஈத்தோ விடியற்காலையில் மகள் வீட்டில் இறந்துவிட்டாள். கணவனுக்குப் பக்கத்தில் பூத்ராவில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவள் சொல்லிவைத்தது. பூத்ரா மலையடிவாரத்தில், பதினொரு கிலோமீட்டர் கீழே, இருபது வளைவுகள் தாண்டி இருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஸீ தைபி அந்த நொடியே எழுந்தார். எண்ணெய்க் கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, துஆ ஓதினார். "எங்க எல்லாருக்கும் தாய் மாதிரி இருந்த மனுஷி. வண்டி தயாரா இருக்கு தம்பி. புது டிஸ்க்கெல்லாம் போட்டு வச்சிருக்கோம்."

"நான் அந்த வண்டிய பூத்ராவுக்கு எடுக்க மாட்டேன்" என்றார் பூஅஸ்ஸா.

ஹத்தூ திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

"எடுக்க மாட்டேன்."

"எங்கம்மா அங்க குளிப்பாட்டிக் கிடக்கா. நீங்க மாட்டேன்றீங்க?" ஹத்தூவின் கை பூஅஸ்ஸாவின் சட்டைக் காலரைப் பிடித்தது.

ஸீ தைபி இருவருக்கும் நடுவில் வந்தார். "விடு தம்பி, விடு. இவனுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல. ஒரு வழி பண்ணலாம். ஸுஹைர் வண்டி சந்தையிலதான் நிக்குது. ஆளவிட்டு நல்லாக் கழுவி, கம்பளம் விரிச்சுத் தரச் சொல்றேன். அதுல பிரேக்கு பிரமாதமா இருக்கு."

தானே உளறிவிட்டது ஸீ தைபிக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன வாய் சொன்னபடி திறந்திருந்தது. ஹத்தூ காலரை விட்டார். அவருக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் தன் தாயைக் கோழி வண்டியில் ஏற்றச் சொன்னான் ஒருவன் என்பது மட்டும் புரிந்தது.

"வெளிய வாங்க, சொல்றேன்" என்றார் பூஅஸ்ஸா.

தாழ்வாரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார், அந்தத் தகப்பன் கேட்ட கேள்வியையும் சேர்த்து. ஹத்தூ தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கழட்டி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

கோழிச் சந்தை சந்தையின் கீழ்க்கோடியில், ஆட்டுத் தொழுவத்துக்கு அடுத்து. முந்தைய நாள் மழையில் தரை சேறாகி, அதில் எச்சமும் இறகும் அறுத்த கோழியின் குடலும் மிதிபட்டுக் கிடந்தன. வழியில் மைமூனையும் ஏற்றிக்கொண்டு, பூஅஸ்ஸா மையத்து வண்டியைக் கூட்டத்துக்குள் மெல்ல உருட்டிக்கொண்டு வந்து ஸுஹைரின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அது முனகிக்கொண்டே நின்றது. வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் விலகி, வாயில் கை வைத்தார்கள்.

"யாரு போயிட்டாங்க?"

"ஒருத்தரும் சந்தையில போகல. டிஸ்க்க வாங்க வந்திருக்கோம்" என்றார் மைமூன். ஜாக்கியைச் சேற்றில் பலகை போட்டு நிறுத்தினார்.

ஸுஹைர் கத்தி கையோடு ஓடிவந்தான். "யோவ், யார் வண்டியில கை வைக்கிற? எங்கப்பா யாருன்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கோம்" என்றார் ஹத்தூ. அவருக்குப் பின்னால் அவருடைய இரண்டு தம்பிகள் நின்றார்கள். ஸுஹைர் கத்தியைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், கத்தியை மரக்கட்டைமேல் வைத்தான்.

சக்கரம் கழன்றது. வெளியே எச்சம் தெறித்திருந்தாலும் டிஸ்க் பளபளத்தது. மைமூன் துணியால் துடைத்து, அதன் நடுப்பகுதியில் குத்தியிருந்த எண்ணை உரக்கப் படித்தார். பூஅஸ்ஸா வெயில் மறைப்பிலிருந்த ரசீதை எடுத்து, மையத்து வண்டிக்கு வாங்கியது என்று சொல்லி, அதே எண்ணை அதைவிட உரக்கப் படித்தார். கோழிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"மையத்து வண்டியிலேருந்தா எடுத்த?" என்று கேட்டாள் இரண்டு கோழிகளைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒரு கிழவி. "போன வாரம் என் தம்பிய அதுலதானடா கொண்டு போனாங்க."

"எனக்கென்ன தெரியும்? அப்பா கொடுத்தாரு, மாட்டினேன்."

அந்தக் கிழவி அவன் காலடியில் துப்பினாள். கையிலிருந்த கோழிகளைக் கூண்டின்மேல் போட்டுவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வாங்கிய கோழியைத் திருப்பி வைத்தார்கள்.

மைமூன் அவசரப்படவில்லை. மையத்து வண்டியின் ஹப் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார். டிஸ்க்கையும் அதன் இடுக்குகளையும் பிரேக் கழுவும் ஸ்ப்ரே அடித்து இரண்டு முறை கழுவினார். பூஅஸ்ஸா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி கறுப்பாக வர வர, திருப்பித் திருப்பி, வெள்ளையாக வரும்வரை துடைத்தார். மாட்டியதும் மைமூன் டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் அசைந்தும் அசையாமல் நின்றது. பேடுகளையும் மாற்றி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினார்கள்.

"பழசு ரெண்டையும் அவன் வண்டியில மாட்டிடவா?" என்று கேட்டார் ஹத்தூவின் தம்பி.

"அத எந்த வண்டியிலயும் என் கையால மாட்ட மாட்டேன். கோழிக்கும் உயிர்தானே" என்றார் மைமூன். ஸுஹைரின் வண்டி சேற்றில், செங்கல்மேல், முன்சக்கரம் இல்லாமல் நின்றது.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு லல்லா ஈத்தோவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஏற்றினார்கள். வண்டி அவள் மகள் வீட்டு வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பூஅஸ்ஸா மட்டும் கவனித்தார். இறக்கத்தில் முதல் சில வளைவுகளில் புது பேடு படிய மென்மையாகப் பிடித்தார். ஏழாவது வளைவில் தேவதாரு மரம் ஏற்றிய லாரி ஒன்று பழுதாகிச் சாலையைப் பெரும்பாலும் அடைத்து நின்றது. மிதியை அழுத்தினார். காலுக்கடியில் துடிப்பில்லை. கை ஆடவில்லை. லாரிக்கு ஆறடி முன்னால் வண்டி அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த ஹத்தூ மூச்சை விட்டு, கதவுக் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"காலையில இருந்த டிஸ்க்கே இருந்திருந்தா?" என்று கேட்டார்.

பூஅஸ்ஸா லாரியின் ஓரத்தில் இருந்த இடுக்கைக் கண்ணால் அளந்து, வண்டியை மெல்ல அதற்குள் நகர்த்தினார்.

அஸருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். கபருக்கு மண் போடும்போது நகராட்சிக் கார் ஒன்று வந்து நின்றது. ஸீ தைபி இறங்கி, சுத்தமான வெள்ளை ஜிலாபாவில், எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து மூன்று பிடி மண் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹத்தூவிடம் கையை நீட்டினார். கபர் பக்கத்தில் நீட்டிய கையைத் தட்டிவிடக் கூடாது என்பதால் ஹத்தூ வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையைக் கொடுத்தார். பிறகு ஸீ தைபி பூஅஸ்ஸாவின் காதருகே வந்தார். வாயில் ஒலிவ எண்ணெயும் பூண்டும் மணத்தது.

"சந்தையில போயி நாலு பேர் முன்னாடி இப்படிப் பண்ணணுமா? என்கிட்ட பக்குவமா கேட்டிருந்தா நானே மாத்தித் தந்திருப்பேனே."

பூஅஸ்ஸா நகர்ந்து போய், மையவாடிக் குழாயில் காதைக் கழுவினார்.

விசாரணை நடந்தது. ஸீ தைபி டிஸ்க்குகளைத் 'தற்காலிகமாகப் பரிசோதனைக்கு' வேறு வண்டியில் மாட்டியதாக எழுதிக் கொடுத்தார். நகராட்சி வண்டியைப் பொது இடத்தில், வெளி ஆளை வைத்துப் பழுதுபார்த்ததற்காகப் பூஅஸ்ஸாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. காபிக்கடையில் ஒரு வாரம் முழுக்க அந்தக் கதைதான். கோழிகளைப் போலக் கொக்கரித்துக் காட்டிச் சிரித்தார்கள். பூஅஸ்ஸா வந்தால் நாற்காலி இழுத்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் சிரிப்பை அடக்கியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பூஅஸ்ஸா காபிக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் மட்டும், மர ஆலைப் பையனின் அப்பா வீட்டைத் தேடிப் போனார். வாசலிலேயே நின்று சொன்னார். "அன்னிக்கு வந்த வாடை உங்க பிள்ளைகிட்டேருந்து இல்லண்ணே. இப்ப எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய், ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

வாகனப் பிரிவில் ஸீ தைபியை வைத்திருக்க வேண்டாம் என்று முடிவானது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள். அடக்கத்துக்கான அனுமதிச் சீட்டு இப்போது அவர் கையெழுத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு மையத்துக்கும் பூஅஸ்ஸா அவர் மேசை முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் பேரைக் கேட்டு, பெருமூச்சு விட்டு, இறந்தவருக்காக இரண்டு வார்த்தை உருக்கமாகச் சொல்லி, முத்திரையை ஊதிக் குத்தி நீட்டுவார். பூஅஸ்ஸா சீட்டின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டு வண்டிக்கு நடப்பார்.